கடல் தெரியாத வீடு தேவை

1

சென்ற வாரம் பிரகாஷ் என்ற இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். சொந்த ஊர் அம்பகரத்தூர். எங்கள் துறைமுகத்தில் ஒரு கணினி வேலைக்காக வந்து இறங்கிச் சில நாட்கள்தான் ஆகின்றன. காரைக்கால்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள்.

"அண்ணே, அடுத்த மாசம் வீட்டுல வர்றாங்க. அதுக்குள்ள ஒரு வாடகை வீடு புடிச்சாகணும். எந்தப் பக்கம் பாக்கலாம், எந்தப் பக்கம் தலவச்சும் படுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. நீங்க பழைய ரிப்போர்ட்டராமே, ஊரு மொத்தமும் அத்துப்படியா இருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. பேருந்து எங்கே நிற்கும், பள்ளி எவ்வளவு தூரம், குளிர்காலத்தில் எந்தக் கட்டடத்தின் சுவர் ஈரம் பிடிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இதே கேள்வி ஒரு கோடையில் நான் காரைக்காலில் கழித்த விடுப்பு முழுவதையும் தின்றது. நான் தனியாகத் திரும்பி வர வேண்டியிருக்குமோ என்ற இடம் வரைக்கும் அது வந்தது. பக்கத்து அறையில் என் மனைவி வசந்தி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நறுக்கும் சத்தம் மட்டும் சற்று நின்று மறுபடி தொடங்கியது.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லெ ஆவ்ர் என்று பெயர். பிரான்சின் வடமேற்குக் கரை. கப்பல்களும் கொள்கலன்களும்தான் ஊரின் பிழைப்பு. கடலை ஒட்டிக் கீழூர். அதற்கு மேல் செங்குத்தாக ஒரு சரிவு. சரிவின் தலையில் மேலூர். இரண்டையும் இணைக்க நீளமான படிக்கட்டுகள். நாங்கள் குடியிருப்பது சரிவின் நடுவில், ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடி. சமையலறை ஜன்னலில், எதிரே உள்ள இரண்டு கூரைகளுக்கு நடுவே, கடல் தெரியும்.

2

வசந்தி என் தாய்மாமன் மகள். திருவேட்டக்குடி. நான் திருமலைராயன்பட்டினம். இரண்டு வீட்டுக்கும் கடல்தான் தொழில். என் அப்பா மட்டும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பட்டாளத்தான் ஆனார். அந்த வழியில் எனக்குக் குடியுரிமை வந்தது. காரைக்காலில் ஒரு தமிழ் நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவன், கல்யாணத்துக்குப் பிறகு பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரில் போய் விழுந்தேன். எங்கள் மகள் தேன்மொழி அங்கேதான் பிறந்தாள்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை தொலைக்காட்சியில் முதலில் நாகப்பட்டினம் என்றார்கள். பிறகு காரைக்கால் என்றார்கள். தொலைபேசி கிடைக்கவில்லை. மறுநாள் மாலை ஒரு சிநேகிதன் மூலம் தகவல் வந்தது. மாமா கடலில் இருந்தார். ஆழத்தில் படகுக்கு அடியில் அலை கடந்து போனதே அவருக்குத் தெரியவில்லை. அத்தை, வசந்தியின் அம்மா, கரையில் இருந்தார். படகுகள் வரும் நேரம். மீன் எடுக்கக் கூடையோடு நின்றிருந்தார்.

வசந்தியால் போக முடியவில்லை. பிரான்சில் தங்குவதற்கான அவளுடைய வதிவிட அட்டை புதுப்பிப்பில் இருந்தது. கையில் இருந்தது ஒரு ரசீதுத் தாள். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டுப் போகலாம், திரும்ப விடுவார்களா என்பது நிச்சயமில்லை என்று அலுவலகச் சாளரத்தில் இருந்த பெண் சொன்னாள். "யார் இறந்தது?" என்று கேட்டாள். "அம்மா" என்றேன். "இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?" என்றாள். சான்றிதழ் கொடுக்கும் நிலையில் அன்றைக்கு ஊர் இல்லை. அட்டை வந்தபோது என் வேலை போயிருந்தது. புது வேலை கிடைத்து விடுப்புச் சேர்ந்து நாங்கள் காரைக்காலுக்குப் போனது சுனாமிக்குப் பிறகு மூன்றாவது கோடையில்.

மாமாவின் குடும்பத்துக்குக் கடலிலிருந்து தள்ளி, மேற்கே, வயலுக்கு நடுவில் போட்ட புதுக் குடியிருப்பில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள், நேர்க்கோட்டில் தெருக்கள். வசந்தியின் அண்ணன் செல்வம் தன் மனைவி கலாவோடு அங்கே இருந்தார். மாமா இரவில் வந்து படுப்பார், விடிவதற்குள் எழுந்து கரைக்குப் போய்விடுவார். அங்கே படகுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார். தேன்மொழி அவரோடு தொற்றிக்கொண்டு போவாள். வசந்தி போகவில்லை. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் கரைப் பக்கம் திரும்பவில்லை. குடியிருப்பின் கிழக்குக் கடைசித் தெருவில், கடல் பக்கமாக, ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அதற்கும் தலைவலி என்று சொல்லிவிட்டாள்.

3

நிறுவனத்தின் மின்னஞ்சலை நான் படித்தது காரைக்கால் கடைத்தெருவில் ஜமால் பாயின் பிரவுசிங் சென்டரில். எங்கள் பிரிவைத் துறைமுக நகரத்துக்கு மாற்றுகிறார்கள். வர விரும்புகிறவர்கள் செப்டம்பரில் அங்கே வேலைக்கு வர வேண்டும். வராதவர்களைப் பற்றி அடுத்த பத்தி நாகரிகமாகப் பேசியது.

சாப்பிடும்போது சொன்னேன். வசந்தி கேட்ட முதல் கேள்வி, "கடல் ஊரா?"

"துறைமுகம்."

"துறைமுகம்னா கடல்தானே. நேராச் சொல்லுங்களேன்."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பிறகு பின்பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது. "கண்ணுல படக்கூடாது. காதுல கேக்கக்கூடாது. அப்படி வீடு கெடைச்சா வர்றேன்."

மறுநாளிலிருந்து ஜமால் பாயின் கடையில் எனக்கென்று ஒரு நாற்காலி. லெ ஆவ்ரில் நான் கால் வைத்ததே இல்லை. தெருப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கடலிலிருந்து தூரத்தை அளந்தேன். சரிவின் உயரத்தைத் தேடினேன். செய்தி எழுதியபோது இருந்த பழக்கம், எதையும் இரண்டு இடத்தில் சரிபார்ப்பது. ஒவ்வொரு தெருவையும் அப்படிச் சரிபார்த்தேன்.

வீட்டு முகவர் ஒரு பெண். தொலைபேசியில் அவரிடம் கடல் தெரியாத வீடு வேண்டும் என்று சொன்னபோது என் பிரெஞ்சில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திருத்திக் கேட்டார்: "கடல் தெரிகிற வீடு?" "இல்லை அம்மணி. தெரியாதது." "அதற்கு நீங்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டாமே, ஐயா" என்றார்.

ஜமால் பாய் இந்தப் பக்கம் பாதிதான் கேட்டார், ஆனால் முழுசும் புரிந்துகொண்டார்.

"கடல் தெரிஞ்சா வாடகை கூட போடுறானுவ, இல்ல?"

"ஆமா பாய்."

"அப்ப தெரியாததுக்குக் கொறைக்கச் சொல்லுங்க. நம்மூர்ல சுடுகாடு தெரியுற வீட்டுக்குக் கொறைக்கறது இல்லியா, அது மாதிரி."

சிரித்தேன். ஆனால் அந்தப் பெண் கேட்ட தாள்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. சம்பளச் சீட்டு, வரித் தாள், நிறுவனத்தின் கடிதம், எனக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் கையொப்பம். ஒவ்வொன்றையும் பாரிசில் இருக்கும் நண்பர் என் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துப் படியெடுத்து அனுப்பினார். எந்த வீடு என்று நான் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விமானம்.

மூன்று வீடுகள் தேறின. ஒன்று, மேலூரின் கிழக்கு விளிம்பில் அடுக்குமாடி. கடல் அங்கே மேற்குப் பக்கம்; அதிலிருந்து இதற்கு மேல் தள்ளிப் போக அந்த ஊரில் இடமில்லை. இரண்டாவது ரயில் நிலையத்துக்குப் பின்னால், சுற்றிலும் உயரமான கட்டடங்கள். மூன்றாவது நான் கேட்காமலே அந்தப் பெண் அனுப்பியது. சரிவில், சிறிய வீடு, சமையலறையில் கடல். "சும்மா பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

படங்களை அச்செடுத்துக்கொண்டு போய் வீட்டில் விரித்தேன். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓடவில்லை. செல்வம் மச்சான் பகல் முழுவதும் வீட்டில்தான். படங்களை ஏலத்தில் மீன் பார்ப்பதுபோல் புரட்டினார்.

"என்னா மாப்ள இது, சந்துக்குள்ள சந்து. பொண்ணு கேட்டது கடல் தெரியாத வீடு. நீங்க ஆகாசமே தெரியாத வீடால்ல புடிச்சிருக்கீங்க."

"அது ரயிலடிக்குப் பின்னாடி மச்சான். பத்திரமான எடம்."

"பத்திரம்தான். கெணத்துக்குள்ள இருக்கறவனுக்கு எந்த அலை வரும்?" மூன்றாவது படத்தை எடுத்தார். "இது?"

"அது வேண்டாம்னு தள்ளுனது. அடுப்படியில கடல் தெரியும்."

வசந்தி அந்தப் படத்தைத் தொடவில்லை. முதல் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்தாள். அடுக்குமாடி, புல்வெளி, நிறுத்தியிருந்த கார்கள்.

"இங்கருந்து கடல் எவ்ளோ தூரம்?"

சொன்னேன்.

"நடுவுல என்ன இருக்கு?"

"ஊரு இருக்கு. மேடு. அங்க வரைக்கும் எதுவும் வராது."

"வராதுன்னு யாரு சொன்னா?"

"மேட்ட அளந்து பாத்தேன் வசந்தி."

"எங்கம்மா இருந்த எடத்துலயும் ஒரு நாளும் வந்ததில்ல. வராதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க."

அவள் படங்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள். "நீங்க போங்க. நானும் பாப்பாவும் இங்கயே இருந்துடறோம். இங்க பள்ளிக்கூடம் இருக்கு. அண்ணன் இருக்கு. கொஞ்ச நாள் போவட்டும், அப்புறம் பாக்கலாம்."

கோபத்தில் சொன்னதாக இருந்தால் பேசிப் பார்த்திருப்பேன். நிதானமாகச் சொன்னாள். கொஞ்ச நாள் என்று போன குடும்பங்களை எனக்குத் தெரியும். பணம் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். பிள்ளை போனில் "பாப்பா எப்ப வருவாரு?" என்று கேட்பதை நிறுத்தும் நாள் எப்போது வரும் என்றுகூட என்னால் எழுதிவிட முடியும். எங்கள் மகள் என்னைப் பிரெஞ்சு வழக்கப்படி "பாப்பா" என்றும், வீட்டில் எல்லோரும் அவளைத் தமிழில் பாப்பா என்றும் கூப்பிடுவதில் செல்வம் மச்சானுக்கு ஓயாத வேடிக்கை. அன்று இரவு அவரும் வேடிக்கை பேசவில்லை.

4

வியாழக்கிழமை முற்பகல் நான் ஜமால் பாயின் கடையில் இருந்தேன். கிழக்கு விளிம்பு அடுக்குமாடியை எடுத்துக்கொள்வதாக முகவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் வீடு, வசந்தியிடம் பிறகு பேசலாம் என்பது கணக்கு. பாதிக் கடிதத்தில் வெளியே ஷட்டர்கள் இறங்கும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

கடை வாசலில் ஒருவர் சைக்கிளை ஓட்டியபடியே கத்தினார். "கடல் வருதாம்! கடல் வருது!"

எட்டிப் பார்த்தேன். தெரு முழுவதும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த ஒருவரை நிறுத்திக் கேட்டேன். "யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்றாங்க!"

"யாராவது பாத்தாங்களா?"

ஜமால் பாய் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "பேப்பரை வுட்டு எத்தன வருசமாச்சு, இன்னும் பேட்டி எடுத்துக்கிட்டிருக்கீங்களே! இந்தாங்க சாவி. ஸ்கூட்டரு வாசல்ல நிக்குது. புள்ளகுட்டியப் போய்ப் பாருங்க."

"நீங்க?"

"எங்க வீட்டாளுங்க எல்லாம் மேக்க, அம்பகரத்தூர்ல ஒரு கல்யாணத்துல இருக்காங்க. அல்லா இருக்கான். கெளம்புங்க."

கைப்பேசியில் செல்வத்தின் எண்ணை அழுத்தினேன். தொடர்பு கிடைக்கவில்லை. கோட்டுச்சேரி தாண்டியதும் கிழக்கிலிருந்து வரும் சாலைகள் ஒவ்வொன்றிலும் ஆட்கள் கொட்டினார்கள். டிராக்டர் நிறையப் பெண்கள். ஒருவர் கையில் தொலைக்காட்சிப் பெட்டி. மணப்பெண் அலங்காரத்தோடு ஒருத்தி ஸ்கூட்டியின் பின்னால். நான் மட்டும் எதிர்த்திசையில் போனேன். "யோவ், பைத்தியமா ஒனக்கு?" என்று ஒருவர் கத்தினார்.

புதுக் குடியிருப்பு காலியாக இருந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. எங்கள் வீட்டு அடுப்பில் உலை பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. எரிவாயு நாற்றம் அடித்தது. மூடிவிட்டு வெளியே வந்தால், தெருமுனையில் கலா தனியாக நின்றிருந்தார். ஓடவும் மனமில்லை, நிற்கவும் பயம்.

"அண்ணே! பாப்பா மாமாவோட காலையிலேயே கடற்கரைக்குப் போயிட்டா. சத்தம் கேட்டதும் வசந்தி அந்தப் பக்கமாவே ஓடுறா. கையப் புடிச்சேன். ஒதறிட்டுப் போயிட்டா. இவரு பின்னாடி போயிருக்காரு."

கடற்கரைக்குப் போகும் தார்ச்சாலையில் ஸ்கூட்டர் நுழைய இடமில்லை. ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு இறங்கி ஓடினேன். வருகிறவர்களின் தோள்கள் என் மேல் இடித்துக்கொண்டே இருந்தன. நான் அந்த முகங்களைக் கவனித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் பார்த்த பக்கத்தில் வயலும் சவுக்குத் தோப்பும்தான் இருந்தன. அங்கிருந்து யாருக்கும் கடல் தெரியாது. சவுக்குத் தோப்பில் காற்று இரைந்தது. அது காற்றா, வேறு ஏதாவதா என்று அந்த நேரத்தில் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

தோப்பின் விளிம்பில் வசந்தியைப் பார்த்தேன். வெறும் காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். முந்தானை மண்ணில் இழுபட்டது. கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுனாமிக்குப் பிறகு முதல்முறையாக அவள் கரையை நோக்கிப் போகிறாள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகுதான் தோன்றியது.

தோப்பைத் தாண்டினோம். கடல் தட்டையாகக் கிடந்தது. வெயிலில் கண் கூசியது. வழக்கமான சிறிய அலைகள், வழக்கமான இடத்தில் உடைந்தன. கரையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். சிலர் வலையில் கிழிசல் பார்த்தார்கள். ஒருவர் இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தபடி கைப்பேசியில் கத்திக்கொண்டிருந்தார்: "டேய், கடலு இஞ்சதான்டா கெடக்கு! எங்கயும் கெளம்பல! மச்சான்கிட்ட சொல்லு, திரும்பி வரும்போது ஒரு கட்டு பீடி வாங்கியாரச் சொல்லு!"

கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பக்கத்தில் மாமா நீலப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தேன்மொழியின் கையிலும் ஒரு தூரிகை. முழங்கை வரை நீலம்.

"ம்மா! இந்தப் பத்தோவுக்கு நாந்தான் கலர் அடிச்சேன்!" பத்தோ என்றால் அவளுடைய பிரெஞ்சில் படகு.

வசந்தி ஓடிப்போய் அவள் முதுகில் ஒரு அறை வைத்தாள். பிறகு பெயிண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பிள்ளை அழுதது. தாயும் அழுதாள். செல்வம் மச்சான் மூச்சிரைக்க வந்து மணலில் மல்லாந்து விழுந்தார். "நாசமாப் போறவனுவ" என்றார், யாரை என்று சொல்லாமல்.

"என்னாம்மா இது, வெறும் கால்ல?" என்றார் மாமா. "இந்த வெயில்ல?"

"கடல் வருதுன்னாங்கப்பா."

"யாரு?"

வசந்தி சுற்றும் முற்றும் பார்த்தாள். "நீங்க யாரும் ஓடலையா?"

"எதுக்கு ஓடணும்? அதான் தெரியுதே."

அவர் தூரிகையைத் தோய்த்து வேலையைத் தொடர்ந்தார். வசந்தி படகின் நிழலில் உட்கார்ந்தாள். கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். சோறு ஆறிப்போகும் என்று மாமா சொன்னார், அவள் எழுந்திருக்கவில்லை. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு, தங்கள் படகுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் சாயும்வரை அவள் அங்கேயே இருந்தாள்.

திரும்பி நடக்கும்போது சொன்னாள். "அங்க வீட்டுல இருந்தா ஒண்ணுமே தெரியல. சத்தந்தான் கேக்குது. வந்துடுச்சா, வரலையான்னு தெரியாம ஓடுறது இருக்கே..." முடிக்கவில்லை. சிறிது தூரம் போனதும், "அந்த மூணாவது வீடு இன்னும் இருக்குமா?" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். "அடுப்படியில கடல் தெரியும் வசந்தி."

"அதத்தான் கேக்குறேன்."

முன்னால் போய்க்கொண்டிருந்த செல்வம் மச்சான் திரும்பிப் பார்த்தார். "அட! இதுக்காடி மாப்ள இத்தன நாளா பாய் கடையில தவம் கெடந்தாரு? மொதநாளே சொல்லியிருந்தா அவரு பாட்டுக்குப் புடிச்சிருப்பாரே!"

"நீ நட அண்ணே" என்றாள் வசந்தி. ஆனால் சிரித்தாள்.

மறுநாள் காலை முகவருக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது. ஒரே வரி: "ஐயா, நீங்கள் உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?"

5

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். செய்தி அப்படி இல்லை.

செப்டம்பரில் குடிவந்தோம். மூன்றாம் நாளே நான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. முற்பகலில் வசந்தி அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"கடல் உள்ள போவுது."

காரைக்கால் கரையில் இந்தச் சொற்களை யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்குத் தப்பியவர்கள் எல்லாரும் முதலில் சொன்னது இதைத்தான். கடல் உள்ளே போனது. மண் தெரிந்தது. மீன் துள்ளியது. வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

"எவ்ளோ தூரம்?" என்றேன்.

"போய்க்கிட்டே இருக்கு. கல்லு முடிஞ்சு, மண்ணு தெரியுது. பாறை தெரியுது. ஆளுங்க அதுமேல நடக்குறாங்க. கொழந்தைங்கள எல்லாம் கூட்டிட்டுப் போறாங்க. யாராவது அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் இந்த ஊரில் பிறந்தவர். சிரித்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். இங்கே கடல் ஒவ்வொரு நாளும் இப்படித்தான், இரண்டு தடவை போகும், இரண்டு தடவை வரும் என்றார். நம் கரையிலும் ஏற்றமும் வற்றமும் உண்டு, ஆனால் அது கணுக்கால் அளவு விவகாரம். இங்கே ஒரு மாடி உயரத்துக்குமேல் நீர் இறங்கும் என்று அவர் கையைத் தூக்கிக் காட்டினார். தெருப்படத்தில் அத்தனை தூரங்களை அளந்த நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. கடல் ஒரே இடத்தில் இருக்கும் என்பது என் நினைப்பு. எங்கள் கரையில் பிறந்தவனுக்கு மட்டுமே வரக்கூடிய நினைப்பு அது.

வசந்தியிடம் சொன்னேன். "திரும்பி வந்துடுமாம். தினமும் இப்படித்தானாம்."

"யாரு சொன்னா?"

"இங்க கூட வேலை பாக்குறவரு."

"அவரு இப்ப பாத்தாரா?"

"இல்ல."

"நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

அனுமதி கேட்டுக்கொண்டு கிளம்பினேன். பேருந்து எனக்காக வேகமாக ஓடவில்லை. படிக்கட்டு ஏறி வந்தபோது வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. வசந்தியும் தேன்மொழியும் சமையலறை ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இருவர் காலிலும் சப்பாத்து. தேன்மொழி மேல்சட்டைக்குப் பொத்தான் போட்டிருந்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுகள் உள்ள பை. வசந்தி ஓட ஆயத்தமாக இருந்தாள், ஆனால் ஓடவில்லை. அவள் கண் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"மேலூருக்குப் போயிருக்கலாமே" என்றேன்.

"போனா தெரியாது."

நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். யாரும் சமைக்கவில்லை. ரொட்டி தின்றோம். தேன்மொழி ஈரமண்ணில் நடந்த ஆட்களை எண்ணுவதில் ஈடுபட்டாள். பிற்பகலில் ஈரமண்ணின் ஓரத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு தோன்றியது. வசந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். கோடு ஓடி வரவில்லை. நடந்துகூட வரவில்லை. பார்க்கும்போது நகராமல், கண்ணை எடுத்துத் திரும்பினால் சற்று முன்னால் இருந்தது. பாறைகளை மூடியது. நடந்தவர்கள் பேசிக்கொண்டே மேலே வந்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் நீர் கூழாங்கற்களைத் தொட்டு நின்றது.

வசந்தி குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். பிறகு தேன்மொழியுடையதை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

6

தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஆண்டுக்கு ஒரு சிறு புத்தகம் தருவார்கள். ஒவ்வொரு நாளும் நீர் எப்போது போகும், எப்போது வரும் என்று அதில் இருக்கும். அது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் தொங்குகிறது. அம்மாவுக்கு அதைப் படித்துச் சொல்வது தேன்மொழியின் வேலை. இப்போது அவள் எங்களுக்குப் பிரெஞ்சில்தான் பதில் சொல்கிறாள். தமிழில் கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் தமிழில் படிக்கிறாள். "காலைல போவும், மத்தியானம் வரும்." மாமாவின் பேச்சு அப்படியே அந்த வாயில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா போனில் நலம் விசாரிப்பதில்லை. "அங்க கடல் எப்டி?" என்றுதான் கேட்பார். வசந்தி ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

பிரகாஷின் கேள்விக்கு நான் போனில் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கே வரச் சொன்னேன். கையில் ஒரு வரைபடத்தோடு வந்தார். சில இடங்களை வட்டமிட்டிருந்தார். நானும் தெரிந்ததைச் சொன்னேன். கிழக்கு விளிம்பில் பேருந்து வசதி, ரயிலடிக்குப் பின்னால் சுவரில் ஈரம், இந்தத் தெருவில் பள்ளி பக்கம். அவர் ஒழுங்காகக் குறித்துக்கொண்டார்.

வசந்தி டீ கொண்டுவந்து வைத்தாள். "ஒங்க வீட்டம்மாவக் கேட்டீங்களா தம்பி?"

"அவங்களுக்கு இந்த ஊரப் பத்தி என்னக்கா தெரியும்? அம்பகரத்தூரத் தாண்டுனதில்ல."

"ஊரப் பத்திக் கேக்கச் சொல்லல."

பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அவர் சற்று நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "லிஃப்டுன்னா அவங்களுக்கு ஆவாது" என்றார் மெதுவாக. "மெட்ராஸ்ல ஒருவாட்டி மாட்டிக்கிட்டாங்க." வரைபடத்தில் ஒரு வட்டத்தைக் கோடு போட்டு அடித்தார். பிறகு இன்னொன்றை.

வசந்தி நறுக்கும் பலகையை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த மேசையை முதல் வாரமே அவள் திருப்பிப் போட்டுவிட்டாள். எங்கள் சமையலறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

பிரகாஷ் டீக் கோப்பையோடு எழுந்துபோய் வெளியே பார்த்தார். நீர் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஈரமண், பாசி படிந்த பாறைகள், எட்டத்தில் நாய் ஒன்றோடு நடக்கும் ஒருவர்.

"என்னக்கா, கடலயே காணும்?"

வசந்தி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வந்துடும் தம்பி. உக்காருங்க."